எண்ணுகிற குரலுக்குப் பழகிய கை

கேள்வி:

ஐயா, எனக்கு 26 வயது. ஒட்டுசுட்டானில இருக்கிறன், கூட்டுறவுச் சங்கமொண்டில கணக்கு எழுதுறன். இரண்டரை வருசமா கராத்தே பழகுறன். ஞாயிற்றுக்கிழமைகளில மட்டும் புதுக்குடியிருப்புக்குப் பஸ்ஸில போய் இரண்டு மணித்தியாலம். கட்டா (ஒழுங்கா வாற அசைவு வரிசை) எல்லாம் வடிவாச் செய்வன். பட்டிச் சோதனையில ஒருக்காவும் பெயில் விட்டதில்லை. போன மாதம் போட்டியொண்டில இறக்கிவிட்டாங்கள், முதல் சுற்றிலேயே தோல்வி. அவள் குத்த வாறது கண்ணுக்குத் தெரியுது, என்ன தடுப்புப் போடவேணும் எண்டும் தெரியுது, கை மட்டும் எழும்பேல்லை. "நாளுக்கு ஆயிரம் குத்துக் குத்து, தசைக்கு ஞாபகம் வந்திடும், பேந்து தானா வரும்" எண்டு கூடப் பழகிற அண்ணா ஒராள் சொல்றார். ஆயிரம் குத்தினா வருமா? எத்தனை நாளில வரும்? சூடடிப்பு நேரத்தில மூண்டு நாலு கிழமை வகுப்புக்கே போகேலாது, அதுவும் ஒரு காரணமா? இல்லாட்டி 24 வயதில தொடங்கினதுதான் பிழையா? வீட்டில 15 வயதுத் தம்பி இருக்கிறான். அவனும் அம்மாவும் சிரிக்கினம்.

பதில்:

தங்கச்சி, வயதுக் கதையை முதலில் முடித்துவிடுவோம். 24 வயதில் தொடங்கியதில் ஒரு பிழையும் இல்லை. 28 வருடம் உடற்கல்வி படிப்பித்தவன் நான், பின்னேரங்களில் கராத்தேயும் பழக்கினேன். நாற்பது வயதில் வந்து சேர்ந்தவரின் கை தானாக எழும்பியதைக் கண்டிருக்கிறேன். எட்டு வயதில் தொடங்கி மண்ணிறப் பட்டி வரை வந்த பிள்ளை எதிராளிக்கு முன்னால் மரம்மாதிரி நின்றதையும் கண்டிருக்கிறேன்.

உங்களிடம் நான் கேட்கவேண்டியது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் உங்கள் கை எதைக் கண்டு, எதைக் கேட்டு எழும்புகிறது?

பதிலையும் நானே சொல்லலாம். அப்படித்தான் நானும் பழகினேன், அப்படித்தான் கனகாலம் பழக்கியும் விட்டேன். ஆசிரியர் முன்னால் நிற்பார். நீங்கள் இருபது பேர் வரிசையில் நிற்பீர்கள். ஜப்பான் மொழியில் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். "இச்!" என்பார், இருபது கையும் ஒன்றாகப் போகும். "நி!" என்பார், மற்றக் கை போகும். இரண்டரை வருடமாக உங்கள் கை எழும்பியது அந்தக் குரலுக்கு. அந்த வேலையை அது நன்றாகவே படித்துவிட்டது. சங்கத்தில் நீங்கள் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது பின்னால் வந்து "இச்!" என்று கத்தினால் பேரேட்டோடு சேர்த்துக் குத்துப் போகும் என்று நினைக்கிறேன். போட்டியில் முன்னால் நின்ற பிள்ளை எண்ணவில்லை. சத்தமில்லாமல் தோளை அசைத்தாள், உங்கள் கை இன்னும் "இச்" வரக் காத்துக்கொண்டு நின்றது.

உங்கள் ஆசிரியரைக் குறை சொல்வதாக எடுக்கவேண்டாம். எண்ணிப் பழக்குவது வகுப்பறைக்கு ஏற்ற முறை. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் அன்கோ இதோசு என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கராத்தேயைப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுபோனார். அதற்குமுன் அது ஓரிரு சீடர்களுக்கு ஆசான் தனியாகச் சொல்லிக்கொடுத்த கலை. ஹெயான் கட்டாக்கள் அவர் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்தவை. ஷொட்டொக்கான் முறையில் முதற்கட்டாவான ஹெயான் சொடானுக்கு 21 அசைவு. ஒரு ஆசிரியர், ஒரு மைதானம் நிறையப் பிள்ளைகள் என்றால் எண்ணாமல் எப்படி? அசைவின் வடிவத்தைப் பதிய வைக்க அது நல்ல முறைதான். உங்களுக்கும் வடிவம் பதிந்திருக்கிறது, அதனால்தானே பட்டிச் சோதனைகளில் சித்தியடைந்திருக்கிறீர்கள். எப்போது அசையவேண்டும் என்பதைத்தான் எண்ணிக்கை படிப்பிக்காது.

முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தை நினைத்துப் பாருங்கள். அண்ணாவியார் தாளம் சொல்லி ஆட்டம் பழக்குவார், பிள்ளைகள் மாதக்கணக்கில் அந்தத் தாளத்துக்கு ஆடுவார்கள். அது சரியான பழக்கம், ஏனென்றால் அரங்கேற்றத்தன்று களரியிலும் அதே தாளம் இருக்கும். பழகியபோது காலை எழுப்பியது எதுவோ அதுதான் ஆடும்போதும் எழுப்புகிறது. எதிராளியோடு நேருக்கு நேர் நின்று பொருதும் குமித்தேக்குள் மத்தளக்காரர் யாரும் வருவதில்லை.

இனி, தசைக்கு ஞாபகம் இருக்கிறதா என்ற கேள்வி. பேச்சுக்குச் சொல்லலாம், ஆனால் ஞாபகம் இருப்பது மூளையில்தான். பெயர், திகதி, கதை என்பவற்றை வைத்திருக்கும் பகுதி வேறு, கைகால் பழக்கத்தை வைத்திருக்கும் பகுதிகள் வேறு. இதை உலகத்துக்குக் காட்டியவர் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர். வலிப்பு நோய்க்காக 1953 இல் அவருக்கு மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதன்பிறகு புதிதாக எதுவும் நினைவில் நிற்காமல் போய்விட்டது. காலையில் கண்டவரை மத்தியானம் கண்டால் புது ஆள். பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார், கண்ணாடியில் தெரியும் விம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரமொன்றின் ஓரத்தை வரையவேண்டும். முதல்நாள் கை கோணல்மாணலாகப் போனது. மூன்றாம் நாள் நேராக வரைந்தார். ஆனால் அந்த வேலையைத் தான் முன்பு செய்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. கைக்குத் தெரிந்திருந்தது, ஆளுக்குத் தெரியாது.

எனக்கும் இதில் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. 2008 நடுப்பகுதியில் இடம்பெயரத் தொடங்கினோம், 2010 இல்தான் செட்டிகுளம் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பினோம். அவ்வளவு காலமும் ஒரு குத்துக் குத்தவில்லை, குத்த மனமும் வரவில்லை. திரும்பி வந்து காணி துப்புரவாக்கிய ஒரு பின்னேரம், கூரையில்லாத வீட்டு நிலத்தில் நின்று பார்த்தேன். அடுத்த அசைவு என்ன என்று யோசித்தபோது ஒன்றும் வரவில்லை. யோசனையை விட்டு இடது காலை எடுத்து வைத்ததும் 21 அசைவும் வரிசையாக வந்தன. மூச்சு வாங்கியது, பலம் இல்லை, திரும்பும்போது ஒருதடவை தடுமாறினேன். ஆனால் வடிவம் அப்படியே இருந்தது. அதனால் சூடடிப்புக்காக மூன்று நாலு கிழமை வகுப்பு விடுபட்டதைப் பெரிய கவலையாக்க வேண்டாம். பழகியது அவ்வளவு இலகுவில் போகாது. கெதியாகப் போவது வேகமும் தாக்குப்பிடிப்பும், அவை கெதியாகவே திரும்பியும் வரும்.

தானாக வருவது என்றால் என்ன என்பதற்கு அம்மாவிடம் போங்கள். சிரிக்கிறா என்கிறீர்களே, அவவை வைத்தே பார்ப்போம். அரிசி புடைக்கும்போது சுளகைப் பாருங்கள். மூன்று தட்டு, ஒரு சுழற்று, உமி முன்னுக்குப் போகும், குறுநொய் ஒரு பக்கம் ஒதுங்கும், கல் பின்னுக்கு நிற்கும். அதற்கிடையில் பக்கத்து வீட்டுக் கலியாணக் கதையும் நடக்கும், முற்றத்தில் கோழியையும் கலைப்பா. இப்போது "அம்மா, மணிக்கட்டை எந்த இடத்தில திருப்புறியள்?" என்று கேளுங்கள். சுளகு நிற்கும். யோசித்துக்கொண்டு புடைத்தாவென்றால் அரிசி நிலத்தில் கொட்டும். நன்றாகப் பழகிய வேலையின் நடுவில் கவனத்தைக் கொண்டுபோய்ச் செருகினால் வேலை கெடும். போட்டியில் உங்களுக்கு நடந்ததில் இதற்கும் கொஞ்சம் பங்கு இருக்கும். "என்ன தடுப்புப் போடவேணும் எண்டும் தெரியுது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அது தெரியவே கூடாது. தடுப்பின் பெயர் மனதில் வந்து முடிவதற்குள் குத்து வந்து சேர்ந்துவிடும்.

நேரக் கணக்கு அப்படி. ஒரு வெளிச்சம் எரிந்தவுடன் விரலால் பொத்தானை அழுத்தவே சாதாரண ஆளுக்கு ஏறத்தாழ கால் செக்கன் போகும். எந்த வெளிச்சத்துக்கு எந்தப் பொத்தான் என்று தெரிவு செய்யவும் வேண்டியிருந்தால் இன்னும் கூடும். தெரிவுகள் கூடக்கூட நேரமும் எப்படிக் கூடும் என்று ஹிக் என்பவர் 1952 இலேயே அளந்து காட்டியிருக்கிறார். கிட்டத்தில் நிற்பவரின் நேர்க்குத்துக்கும் பெரிய அவகாசம் கிடையாது. கையைக் கண்டு தடுக்கிறவர் எப்போதும் பிந்தியவர். பழகினவர்கள் கையைப் பார்ப்பதில்லை, கை புறப்படுமுன் தோளும் இடுப்பும் முன்முழங்காலும் சொல்லும் செய்தியைப் பார்க்கிறார்கள். அதைக் கண் படிக்கவேண்டும், அதற்கு ஆள் வேண்டும்.

இதனால்தான் ஆயிரம் குத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. நானே ஒருகாலத்தில் பிள்ளைகளை ஆயிரம் குத்தவிட்டவன், பெருமையாகவும் சொல்லிக்கொண்டு திரிந்தவன். ஒருநாள் வரிசைக்குப் பின்னால் போய் நின்று பார்த்தபிறகுதான் விளங்கியது. முதல் நூறு நல்ல குத்து. இருநூறில் தோள் காதுக்கு ஏறுகிறது. முந்நூறில் முழங்கை வெளியே விரிகிறது. அதற்குப் பிறகு பிள்ளைகள் குத்தவில்லை, கையை எறிகிறார்கள். உடம்புக்கு நல்லது கெட்டது தெரியாது, எதைக் கூடச் செய்கிறோமோ அதைத்தான் பிடித்துக்கொள்ளும். நல்ல குத்து நூறும் களைத்த குத்து தொளாயிரமும் கொடுத்தால் எதைப் பிடிக்கும்? காற்றில் முழங்கையைப் பூட்டிப் பூட்டிக் குத்தி மூட்டு நோவோடு வந்த இரண்டு பிள்ளைகளையும் மறக்கவில்லை. கன்னம் உயர்த்திக் குத்தப் பழகிய ஒரு பெடியனுக்கு அந்தப் பழக்கத்தைக் கழற்ற ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. பழக்குவதைவிடக் கழற்றுவது கடினம். அண்ணா அன்பில்தான் சொல்கிறார், ஆயிரத்தை அவரே வைத்திருக்கட்டும்.

இனி செய்யவேண்டிய வேலை. சிரிக்கிற தம்பி இதற்கு மிகவும் பொருத்தமான ஆள்.

பழைய காலுறை ஒன்றுக்குள் துணியை அடைத்துத் தம்பியின் வலக்கையில் மாட்டிவிடுங்கள். இடக்கையால் அவன் ஒரு தலையணையை வயிற்றோடு பிடிக்கட்டும், பூப்போட்ட உறை என்றால் நல்லது. நீங்கள் நிலைக்கு வந்து நில்லுங்கள். அவன் உங்கள் நெஞ்சை நோக்கி, அரை வேகத்தில், நேராக ஒரு குத்து விடவேண்டும். எப்போது என்பது அவன் விருப்பம். உடனேயும் விடலாம், பத்துச் செக்கன் நின்று மூக்கைச் சொறிந்துவிட்டும் விடலாம். "ரெடியா" என்று கேட்கக்கூடாது, எண்ணக்கூடாது. நீங்கள் முன்கையால் தட்டி விலக்கி, மற்றக் கையால் கியாக்கு சுக்கி, அதாவது பின்கைக் குத்து. அது தலையணையில் உள்ள பூவொன்றில் போய் விழவேண்டும்.

உங்கள் பார்வை அவன் வலத் தோளடியில் இருக்கட்டும். சேட்டின் தோள் மடிப்பு அசைவது தெரியும், கை வருமுன் அதுதான் அசையும். முழங்கை எங்கே, இடுப்பு திரும்பியதா என்று உங்கள் உடம்புக்குள் போய்த் தேடவேண்டாம். பூவை மட்டும் நினையுங்கள். உடம்பைத் திருத்துகிற வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார்.

முதல் இரண்டு கிழமை இந்த ஒரு குத்து மட்டும். பத்துக்கு ஏழு எட்டுத் தடவை நேரத்துக்குத் தட்டுகிறீர்கள் என்றால் வேலையைக் கொஞ்சம் கடினமாக்குங்கள், இது என் கைக்கணக்கு. பத்துக்குப் பத்தும் வருகிற வேலையில் படிக்க ஒன்றுமில்லை. பத்துக்கு மூன்று வருகிற வேலையில் பயம் மட்டும்தான் படியும். கடினமாக்குவது எப்படி என்றால், தம்பி நெஞ்சுக்கும் விடுவான், வயிற்றுக்கும் விடுவான், எது என்று சொல்லமாட்டான். வயிற்றுக்கு வந்தால் கெடான் பராய், அதாவது கீழ்நோக்கிய தடுப்பு. அதுவும் பிடிபட்டபிறகு சிலவேளை காலை மட்டும் முன்னுக்கு வைத்து ஏமாற்றுவான், அதற்கு நீங்கள் அசையவே கூடாது. சும்மா நிற்கவும் பழகவேண்டும், தங்கச்சி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் துள்ளுகிற கையும் எழும்பாத கையும் போட்டியில் ஒரே புள்ளிதான்.

மேலும் கீழுமாகக் கலந்து வரும்போது முதல் சில நாள் மோசமாகத்தான் போகும். "இருபது தரம் மேல், இருபது தரம் கீழ் என்று பிரித்துச் செய்தால் வடிவா வருதே" என்று தோன்றும். அந்த ஆசையில் விழவேண்டாம். 1979 இல் ஷியா, மோர்கன் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். கையில் ரெனிஸ் பந்தோடு சின்ன மரத்தடுப்புகளைக் குறித்த ஒழுங்கில் தட்டி விழுத்தவேண்டும், மூன்று ஒழுங்குகள். ஒரு பகுதியினர் ஒரு ஒழுங்கை முடித்து மற்றதுக்குப் போனார்கள், மற்றவர்கள் மூன்றையும் கலந்து செய்தார்கள். பழகும்போது பிரித்துச் செய்தவர்கள்தான் வேகம். பத்து நாளுக்குப் பிறகு கூப்பிட்டுப் பார்த்தால் கலந்து பழகியவர்களிடம்தான் கூட மிச்சம் இருந்தது. பிரித்துச் செய்யும்போது அடுத்தது என்ன என்று தெரிந்துவிடுகிறது, மூளைக்கு வேலையில்லை. எண்ணிக்கையும் உங்களுக்கு அந்தச் சொகுசைத்தான் தந்தது.

தானாக வரத் தொடங்கிவிட்டதா என்று பார்க்க நான் பாவிக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. தம்பி குத்திக்கொண்டே பதின்மூன்றாம் வாய்ப்பாடு கேட்கட்டும். "ஏழு பதின்மூண்டு?" நீங்கள் 91 என்று சொல்கிற அதே நேரத்தில் கையும் போனால் வேலை பழகிவிட்டது. வாய் சொல்லிக் கை நின்றால், அல்லது கை போய் வாய் "எழுபது..." என்று இழுத்தால், இன்னும் யோசித்துத்தான் செய்கிறீர்கள். கணக்கு எழுதுகிறவருக்கு இது லேசாக இருந்தால் பதினேழாம் வாய்ப்பாட்டுக்குப் போங்கள். அவனுக்கும் சாதாரண தரப் பரீட்சை வருகிறதுதானே.

எவ்வளவு நேரம்? ஒரு நாளைக்குக் கால்மணி. ஆறு நாளைக்கு 90 நிமிடம், உங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைவிடக் குறைவு. ஆனால் அந்த ஆறு கால்மணிகளுக்கும் இடையில் ஒவ்வொரு இரவு இருக்கிறது. பகலில் பழகியதை மூளை நித்திரையில் ஊன்றிக்கொள்கிறது. ஒரே நாளில் இரண்டு மணித்தியாலம் பழகினால் ஒரு நித்திரைதான் கிடைக்கும். தம்பி ரியூசனுக்குப் போகிற நாட்களில் தனியே செய்யலாம். ரெனிஸ் பந்தைச் சுவரில் எறிந்து திரும்பி வருகிற பக்கத்துக் கையால் தட்டுங்கள், பந்துக்கு எண்ணத் தெரியாது. காலடியையும் விடவேண்டாம். சிலம்படி பழக்கும் பெரியவர்கள் கம்பைத் தருமுன் காலைத்தான் பழக்குவார்கள், அதில் விசயம் இருக்கிறது. உங்கள் கை எழும்பாததற்குக் கால் நிலத்தில் ஒட்டிக்கொண்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எந்தக் கால்மணி என்பதைப் புதிதாகத் தேடினால் கிடைக்காது. ஏற்கெனவே நாள்தோறும் நடக்கிற ஒன்றின் வாலில் கட்டிவிடுங்கள், பின்னேரம் வேலையால் வந்து கிணற்றடியில் முகம் கழுவியதும் என்று வைத்துக்கொள்ளலாம். முகத்தைத் துடைத்த துவாயைக் கொடியில் போட்டால் அடுத்தது தம்பியைக் கூப்பிடுவது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துச் செய்து 2010 இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமல் நடக்கிற நிலைக்கு வர எடுத்தது நடுக்கணக்காக 66 நாள். ஆளுக்காள் வித்தியாசம், 18 நாளிலிருந்து 254 நாள் வரை. தண்ணீர் குடிப்பது, நடக்கப் போவது மாதிரியான பழக்கங்களைத்தான் அவர்கள் பார்த்தார்கள். அதனால் கியாக்கு சுக்கி 66 நாளில் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நாளாந்தம் முற்றத்துக்கு இறங்குகிற பழக்கத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தும். இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. முத்தையன்கட்டுத் தண்ணீரில் சிறுபோகமும் செய்கிற இடத்தில் வருடத்துக்கு இரண்டு வெட்டு வரும், இரண்டு தடவையும் வீடு தலைகீழாகும். அந்தக் கிழமைகளில் கால்மணியை ஐந்து நிமிடமாக்குங்கள். ஐந்துக்கும் வழியில்லையா, துவாயைக் கொடியில் போட்டுவிட்டுப் பத்துத் தடவை பந்தைத் தட்டிவிட்டுப் போங்கள்.

எத்தனை நாளில் கை எழும்பும் என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நானும் நேராகச் சொல்லவேண்டும். வடிவம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, அதனால் தம்பியோடு இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும். அறிமுகமில்லாத ஆளோடு, நடுவர் பார்க்க, சனம் கத்த அதே கை எழும்ப இன்னும் காலம் எடுக்கும். தம்பியின் தோள் ஒரு தோள்தான். வகுப்பில் உயரமானவர், கட்டையானவர், இடக்கைக்காரர் என்று சோடி மாற்றி மாற்றி நிற்கவேண்டும். ஆசிரியரிடம் போய், "சேர், கடைசிப் பத்து நிமிசம் எண்ணாமல் சோடியா விடுவீங்களா?" என்று கேளுங்கள். மறுக்கிற ஆசிரியர் குறைவு. கேட்கிற மாணவர்தான் அதைவிடக் குறைவு.

இரண்டு பழக்கங்களில் கவனமாக இருங்கள். கட்டாவில் ஒரு கை குத்தும்போது மற்றக் கையை இடுப்புக்கு இழுக்கிறோம். குமித்தேயில் அதையே செய்தால் முகம் திறந்து கிடக்கும், தம்பியின் முன்னாலும் மற்றக் கை கன்னத்தடியில் நிற்கட்டும். மற்றது, போட்டிக்காக நாங்கள் தோலில் பட்டும் படாமலும் குத்தை நிறுத்தப் பழகுகிறோம். அதுவும் தானாக வருகிற பழக்கம்தான். ஆபத்தில் கையை நீட்டினால் அங்கேயும் ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிடும். தலையணைக்குள் குத்து இறங்கவேண்டும் என்று நான் சொல்வது அதற்குத்தான்.

கை எழும்பாததற்குப் பயமும் காரணமாக இருக்கலாம், இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும். தம்பியோடு விளையாட்டாக நிற்கும்போதும் கை பிந்துகிறது என்றால் அது பழக்கக் குறைவு, மேலே சொன்னது போதும். தம்பியோடு நன்றாக வந்து, சனத்துக்கு முன்னால் மட்டும் உறைந்தால் அது பதற்றம். நெருக்குதலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், அம்மா பார்க்க, பிறகு அயல் பிள்ளைகள் பார்க்கக் கத்த. இதைவிட வேறொன்றும் இருக்கிறது, எங்கள் பக்கத்தில் அதைச் சொல்லாமல் விடமுடியாது. யாராவது கத்தினாலோ திடீரென்று கிட்ட வந்தாலோ உடம்பு குளிர்ந்து வியர்த்து, பழைய நாட்களுக்குள் போய்விடுகிற மாதிரி இருந்தால் அது பயிற்சியால் தீர்க்கிற காரியமில்லை. 2009 இல் உங்களுக்கு எத்தனை வயதோ நான் கேட்கவில்லை. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போய்க் கதையுங்கள், கராத்தேயை விடவேண்டியதில்லை.

தம்பிக்குச் சில சட்டங்கள். முகத்துக்குக் குத்து இல்லை, பல்லுக்குக் கவசம் வாங்கும்வரை இருவருக்கும் இல்லை. நகம் வெட்டியிருக்கவேண்டும். கோபம் வந்தால் அன்றைய கால்மணி முடிந்தது. வெறுங்காலோடு நிற்பதால் முற்றத்தை முதலில் கூட்டுங்கள், நெருஞ்சி முள்ளும் ஆணியும் பார்த்து. ஐப்பசியில் மழை தொடங்கினால் செம்மண் வழுக்கும், அப்போது விறாந்தைக்கு ஏறுங்கள், ஆனால் சீமெந்து ஈரமாக இருந்தால் காலடி வேண்டாம், நின்ற நிலையில் கை மட்டும்.